அப்பத்துக்குக் காவல்

எங்கள் ஜெபவீட்டில் பழைய ஆங்கிலச் சொற்கள்மேல் பைத்தியம் பிடித்த ஒருவர் இருந்தார். பெயர் ஆசீர் கனகராஜ். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். தாமிரபரணிக் கரைக்கு, ஜெபவீட்டை நடத்தும் திர்சாள் அம்மாவிடம் வேதம் படிக்க வந்தவர் அப்படியே எங்களோடு தங்கிவிட்டார். அம்மாவுக்கே வாத்தியாராக இருந்திருக்கக்கூடிய வயது. ஆனாலும் அவரை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார். அம்மா இவரை ‘சார்’ என்பார்.

சார் கையில் ஆங்கில பைபிளைக் கொடுத்தால் போதும். ஒவ்வொரு பழைய சொல்லையும் பிடித்து நிறுத்தி, நீ யார், எந்த ஊர், உன் தாத்தா யார் என்று விசாரிப்பார். சோறு ஆறிப்போகும். எங்களுக்குக் கொட்டாவி வரும். அவருக்கு வராது. பதரைத் தூற்றுவதற்கான ஆங்கிலச் சொல்லுக்குள்ளே காற்று ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்த அன்று, அதைச் சொல்ல சமையல்கட்டுவரை ஓடிவந்தார்.

வீட்டுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. அதில் விளைவதுதான் எங்கள் வருஷச் சாப்பாடு. போன வருஷம் நெல் பத்தவில்லை. கடைசியில் மரச்சீனிக் கிழங்கை அவித்துத் தின்று காலம் தள்ளினோம். இந்த வருஷம் அறுப்புப் பொறுப்பை சார் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“ஒரு நெல்மணியைக்கூட வீணாக விடமாட்டேன்” என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் மெஷின் அறுப்புதான். மெஷின் இறங்கித் திரும்ப இடம் வேண்டும். அதனால் வயலின் மூலைகளை முதலில் கையால் அறுத்துவிடுவார்கள். மற்றவர்கள் அந்தக் கதிரையும் மெஷினில் போட்டு நெல்லாக்கிக்கொள்வார்கள். எங்கள் வீட்டு வழக்கம் வேறு. மூலைக் கதிரை வரப்பில் வைத்துவிடுவோம். இல்லாதவர்கள் வந்து எடுத்துப்போவார்கள். பழைய ஏற்பாட்டுக் காலத்து வழக்கம் அது. அப்படிப் பொறுக்கி எடுப்பதற்கு ஆங்கில பைபிளில் ஒரு பழைய சொல் இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லித்தந்ததே சார்தான்.

அறுப்பன்று காலையில் அம்மா ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார். சார் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றார். மூலைக் கதிரையும் மெஷினில் போடச் சொன்னார். போட்டார்கள்.

மெஷின் போன பிறகு கீழத்தெரு மாடத்தி சாக்கோடு வந்தாள். வருஷா வருஷம் வருகிறவள்.

“ஐயா, மூலைக் கதிர் எங்கய்யா?”

“இந்த வருஷம் மெஷின்ல போட்டாச்சும்மா.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையுந்தான். ரேஷன் அரிசி வாங்குதியே, பத்தாதா?”

“எனக்குப் பத்தும் ஐயா. மாமியாதான் படுக்கையில கிடக்கா. ரேஷன் அரிசிக் கஞ்சி அவளுக்கு உள்ள நிக்க மாட்டேங்கு. இந்த நெல்லைக் குத்திக் காய்ச்சிக் கொடுத்தாத்தான் ரெண்டு வாய் இறங்குது.”

“அடுத்த வருஷம் பாப்போம், மாடத்தி.”

“அடுத்த வருஷம் கிழவி இருக்கணுமே” என்றாள். சண்டை போடவில்லை. காலிச் சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எங்களுக்கெல்லாம் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. கிழங்கும் ஞாபகத்தில் இருந்தது.

மத்தியானம் அம்மா திரும்பி வந்தபோது முற்றத்தில் மூட்டைகளை அடுக்கியாயிற்று. சாருக்கு ஒரே குஷி.

“அம்மா, ஒரு ஆச்சரியம் கேளுங்க. ஆங்கில பைபிள்ல கடவுளை ‘லார்ட்’னு சொல்லுதாங்கள்லா? அந்தச் சொல்லோட பூர்வீகம் என்னன்னு நினைக்கீங்க?”

“ஏதாவது ராஜாவா இருக்கும்.”

“அதான் இல்லை! அப்பம்! ஆயிரம் வருஷத்துக்கு முன்னால அது ரெண்டு சொல்லு. அப்பம் ஒண்ணு, காவல் ஒண்ணு. அப்பத்துக்குக் காவல் இருக்கிறவன். வீட்டு எஜமானைச் சொன்ன சொல்லு. அதைத் தூக்கிக் கடவுளுக்கு வச்சிட்டாங்க.”

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அடேயப்பா! கேக்கவே நல்லாருக்கு, சார்.”

“ஆனா ஒண்ணுதான் எனக்குப் பிடிபடல. காவல்னா, யாருகிட்ட இருந்து காவல்? இல்ல, யாருக்காகக் காவல்? எந்த அகராதியிலயும் அது இல்லம்மா. நீங்கதான் சொல்லணும்.”

அம்மா மூட்டைகளைப் பார்த்தார்.

“மாடத்தி வந்தாளா?”

“வந்தா. போயிட்டா.”

“என்ன கொண்டுபோனா?”

சார் நடந்ததைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை.

அம்மா மூலையில் கிடந்த ஒரு காலிச் சாக்கை எடுத்தார். “வாங்க சார், வயல்வரை போயிட்டு வருவோம்.”

செருப்புக்கூடப் போடவில்லை. நல்ல உச்சி வெயில். என்னவோ ஏதோ என்று நாங்களும் பின்னால் போனோம்.

“மாடத்தி எங்க நின்னா?”

சார் வரப்பைக் காட்டினார். அம்மா அங்கே போய் நின்று சாக்கை விரித்துப் பிடித்தார்.

“ஐயா, மூலைக் கதிர் எங்கய்யா?”

விளையாட்டு என்று நினைத்து சார் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

“அவகிட்ட சொன்னதை எங்கிட்டயும் சொல்லுங்க சார்.”

“வெயில்ல நிக்காதீங்கம்மா.”

“அவளும் வெயில்லதான் நின்னா. சொல்லுங்க.”

“இந்த வருஷம்…” என்று ஆரம்பித்தார். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். “இந்த வருஷம் மெஷின்ல…”

அதற்குமேல் வரவில்லை. பிறகு அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“எனக்காகவா சேத்து வச்சேன்? போன வருஷம் இவங்க எல்லாரும் கிழங்கைத் தின்னுட்டுக் கிடந்ததை நீங்களும்தானே பாத்தீங்க? மூலையைக் கொடுத்துட்டு, இந்த வருஷமும் நெல்லு குறைஞ்சா என்னம்மா செய்ய?”

அம்மா சாக்கை மடித்தார். சார் கையில் வைத்தார்.

“குறைஞ்சா, இதே சாக்கை எடுத்துக்கிட்டு நாமளும் யாரு வயல் மூலையிலயாவது போய் நிப்போம் சார். அங்க காவலுக்கு எப்பேர்ப்பட்ட ஆளு நிக்காரோ, அது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.”