சுவரின் வாயை மூடிய கதை

முன்னொரு காலத்தில், சுவரோடு கோபித்துக்கொண்ட ராஜா ஒருவர் இருந்தார். அவருடைய புதுக் கொலுமண்டபத்தின் சுவரில் விரிசல் விட்டிருந்தது. மந்திரி தாண்டவராயர் சுண்ணாம்பை அள்ளி அப்பி மறைப்பார். ராஜா மகிழ்ந்து பட்டுச் சால்வை போர்த்துவார். சால்வையின் மடிப்புக் கலைவதற்குள் விரிசல் திரும்ப வந்துவிடும். பிறகென்ன, மறுபடி பூச்சு, மறுபடி சால்வை.

அரண்மனை விகடகவி மாசிலாமணிக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் சபையிலேயே, "மன்னா, சுவர் பல்லிளிக்கிறது" என்று சொல்லிவிட்டான்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "பல்லிளிக்கிறதா? யாரைப் பார்த்து?"

மாசிலாமணி பதில் சொல்ல வாயெடுத்தான். விடுவாரா தாண்டவராயர்? "கண்டுபிடித்தவனே அதன் வாயை மூடட்டும், பிரபு. அடுத்த பௌர்ணமிக்குள் மூடாவிட்டால் இவன் வாயில் சுண்ணாம்பைப் பூசிவிடலாம்" என்றார்.

"அப்படியே ஆகட்டும். மாசிலாமணி, வாயை மூடு!" என்று ராஜா ஆணையிட்டார்.

அன்று மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. சுண்ணாம்பு பட்டால் நாக்கு வெந்துபோகும். நாக்குப் போன விகடகவியை நாய்கூட மதிக்காது. மறுநாள், விரிசல் எப்போது அகல்கிறது என்று பார்க்க, அதன் குறுக்கே ஓர் ஓலை நறுக்கை ஒட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தான். பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். சில நாள் சும்மா இருந்த ஓலை திடீரென்று கிழிந்தது. வேறு ஒட்டினான்; அதுவும் ஒருநாள் கிழிந்தது. கிழிந்த நாளிலெல்லாம் சுவருக்குப் பின்னால் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது. விரிசலும் மேலே அகலமாக, கீழே ஒடுங்கிப் போயிருந்தது. சுவரின் ஒரு முனை மண்ணுக்குள் இறங்குகிறது! அவனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. புது ஓலை ஒன்றை ஒட்டிவிட்டு, மண்வெட்டியோடு பின்பக்கம் போனான்.

பௌர்ணமியன்று சபையில் சுண்ணாம்புச் சட்டி தயாராக இருந்தது. விரிசல் மூடவில்லை. ஆனால் தாண்டவராயர்தான் முகம் சிவந்து ஓடிவந்தார். "பிரபு! இந்தப் பாவி என் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போகும் வாய்க்காலின் வாயை மூடிவிட்டான்! கொடியெல்லாம் வாடுகிறது!"

"வாயை மூடச் சொன்னது மன்னர். எந்த வாய் என்று சொல்லவில்லையே" என்றான் மாசிலாமணி.

ராஜா நிமிர்ந்தார். "உமது கொடிக்காலா? அது எங்கே இருக்கிறது?"

மந்திரிக்கு முன்பே மாசிலாமணி பதில் சொன்னான்.

"இந்தச் சுவருக்குப் பின்னால்தான், மன்னா. தாங்கள் எட்டிப் பார்க்காத பக்கம். அரண்மனைத் தண்ணீர் அஸ்திவாரத்தை அரித்துக்கொண்டு கொடிக்காலுக்குப் போகிறது. வாய்க்காலை அடைத்த பிறகு ஓலை கிழியவே இல்லை, பாருங்கள். அடிமண்ணைக் கெட்டிப்படுத்திவிட்டுப் பூசினால் இனிப் பூச்சு நிற்கும். இதுவரை பூசியதெல்லாம் சீழ்ப்புண்ணுக்குச் சந்தனம்."

ராஜா சுண்ணாம்புச் சட்டியை மந்திரியின் தலையில் ஏற்றச் சொன்னார். "நீரே மண்ணைக் கெட்டிப்படுத்தும், நீரே பூசும்!" என்றவர், மாசிலாமணி பக்கம் திரும்பினார். "அது சரி, சுவர் யாரைப் பார்த்துப் பல்லிளித்தது?"

"ஒவ்வொரு பூச்சுக்கும் சால்வை போர்த்தியவரைப் பார்த்து, மன்னா."

ராஜாவின் முகம் இறுகியது. பிறகு உதடு துடித்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். மந்திரியின் தோளிலிருந்த சால்வையை உருவி மாசிலாமணிக்குப் போர்த்தி, கையில் பொற்கிழியையும் வைத்தார்.

"இப்போதாவது வாயை மூடு!"

"எந்த வாயை, மன்னா?" என்றான் மாசிலாமணி.