மேளச் சத்தத்தில் ஒரு பாடம்

வெகு காலத்துக்கு முன்னே செங்கழனி நாட்டைப் பூபதிராயன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் காலையில் போட்ட உத்தரவை மத்தியானம் மாற்றிவிட்டு, சாயங்காலம் "யார் மாற்றியது?" என்று கேட்கிற சுபாவம்.

அவனுக்கு ஒரே மகள், பெயர் செங்கமலம். ஐந்து வயதில் கடும் காய்ச்சல் வந்து பிழைத்தவள். அரண்மனைப் பள்ளியில் அவளுக்குப் பாடம் சொன்னவர் வித்தகநாதர். மகா படிப்பாளி. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டேதான் பாடம் நடத்துவார். ராஜா எதற்கெடுத்தாலும் அமைச்சர் திருமேனியையே கேட்கிறான் என்று அவருக்கு உள்ளுக்குள் புகைச்சல்.

ஒருநாள் ஆசான் சபைக்கு வந்தார். "ராஜா, மன்னிக்க வேண்டும். இளவரசிக்குப் படிப்பு ஏறவில்லை. கேட்டால் விழிக்கிறாள். என்னிடம் படித்து உருப்படாதவர்கள் இதுவரை கிடையாது. பிள்ளையே மந்தம்."

ராஜாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்படியானால் படிப்பை நிறுத்துங்கள். பட்டத்தை என் தம்பி மகனுக்குக் கட்டிவிடுகிறேன்."

"அவசரப்பட வேண்டாம் ராஜா, கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்" என்றார் திருமேனி.

"ஏன், ஆசானுக்குத் தெரியாதது உமக்குத் தெரியுமோ?" என்று வித்தகநாதர் சிரித்தார். ராஜா வேண்டாவெறுப்பாக நாலு நாள் கொடுத்தான்.

அன்று மாலை செங்கமலம் தோட்டத்தில் மானுக்குப் புல் கொடுத்துக்கொண்டிருந்தாள். திருமேனி பின்னாலிருந்து கூப்பிட்டார். திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். மான்தான் மிரண்டு ஓடியது. மான் ஓடியதைப் பார்த்த பிறகே அவள் திரும்பினாள். "வாருங்கள் அமைச்சரே" என்று சிரித்தாள்.

திருமேனிக்குப் பொறி தட்டியது. மேல்துண்டால் வாயை மறைத்துக்கொண்டு, "சாப்பிட்டாயா அம்மா?" என்றார்.

"துண்டை எடுங்கள். வாய் தெரிந்தால்தானே நீங்கள் சொல்வது தெரியும்?" என்றாள் அவள். பிறகு தயங்கியபடி கேட்டாள்: "ஆசான் அந்தப் பக்கம் திரும்பி நடக்கும்போது, மற்ற பிள்ளைகளெல்லாம் அவர் முதுகைப் பார்த்தே எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? எனக்கு மட்டும் அது வரவில்லை."

திருமேனி அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோயிருக்கிறது. அதை நேரே போய்ச் சொன்னால் ராஜா நம்பமாட்டான். ஆசான் நம்பவும் விடமாட்டார். அதனால் திருமேனி மறுநாள் சபையில் வேறு விதமாகப் பேச்செடுத்தார்.

"ராஜா, ஆசானின் பாடத்தை இந்தச் சபையே ஒருமுறை கேட்கட்டும். இளவரசியும் உங்கள் பக்கத்தில் உட்காரட்டும். யாருக்கும் முன்பே தெரியாத பாடமாக ஆசானே ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். யார் மந்தம் என்று தெரிந்துபோகும். ஒன்றே ஒன்று, என்ன நடந்தாலும் பாடத்தை நடுவில் நிறுத்தக் கூடாது."

ராஜாவுக்கு இந்த மாதிரி விளையாட்டென்றால் உயிர். "நடக்கட்டும்" என்றான். வித்தகநாதருக்கும் மார்பு விரிந்தது.

ராஜாவுக்கு முதுகு காட்டக்கூடாது என்பது சபை வழக்கம். அதனால் ஆசான் அன்றைக்கு நடக்கவில்லை. முகத்தை ராஜாவுக்கு நேரே வைத்துக்கொண்டு நின்றார். யானைக்கு மதம் பிடிப்பதைப் பற்றி ஆரம்பித்தார். ஆரம்பித்ததுதான் தாமதம், சுவருக்கு அப்பாலிருந்து அரண்மனை மேளக்காரர்கள் அத்தனை பேரும் அடித்து நொறுக்கினார்கள். தளபதி காதைப் பொத்திக்கொண்டார். பாடம் நிற்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டாயிற்றே. ஆசான் எரிச்சலை அடக்கிக்கொண்டு சொல்லி முடித்தார்.

மேளம் ஓய்ந்தது. "தளபதியாரே, ஆசான் என்ன சொன்னார்?" என்றார் திருமேனி.

"வாய் அசைந்தது. அவ்வளவுதான் தெரியும்."

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ராஜாவும் உதட்டைப் பிதுக்கினான்.

"இந்த இரைச்சலில் யாருக்கு என்ன கேட்கும்?" என்று ஆசான் சீறினார்.

"இளவரசி, நீங்கள் சொல்லுங்கள்" என்றார் திருமேனி.

செங்கமலம் எழுந்தாள். "மதம் பிடிக்கும் முன் யானைக்குக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே நீர் கசியும். தீனி குறையும். பாகன் பேச்சைக் கேட்காது. நிழலில் தனியாகக் கட்டவேண்டும்." கொஞ்சம் நிறுத்தி, "பிறகு ஆசான், 'இந்தத் திருமேனிக்குத்தான் புத்தி கெட்டதென்றால், அவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற ராஜாவுக்கு என்ன வந்தது' என்றார். அது பாடத்தில் சேர்த்தியா என்று தெரியவில்லை."

சபை முழுக்க வித்தகநாதரைத் திரும்பிப் பார்த்தது. ராஜாவோ அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த மேளத்திலும் உனக்குக் கேட்டதா கண்ணே?"

"நெஞ்சுக்குள் ஏதோ அதிர்ந்துகொண்டே இருந்தது அப்பா. அதுதான் மேளமா?"

திருமேனி மெதுவாக விஷயத்தைச் சொன்னார். கூப்பிட்டும் வராத மகளைத் திமிர் பிடித்தவள் என்று திட்டிய நாளெல்லாம் ராஜாவுக்கு நினைவு வந்தது. சிம்மாசனத்திலிருந்து இறங்கி, அவள் முகத்துக்கு நேரே குனிந்து, "மன்னித்துவிடம்மா" என்றான். பிறகு கழுத்து முத்துமாலையைக் கழற்றித் திருமேனிக்குப் போட்டான். "என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடுத்தாய். இதற்கெல்லாம் ஈடு ஏது?"

"முத்துமாலையை வேண்டாமென்று சொல்ல நான் துறவி அல்ல" என்றார் திருமேனி. "கூடவே இன்னொன்றும் கேட்பேன். நம் பள்ளியில் ஒருவனுக்குத் தூரத்தில் இருப்பது தெரியவில்லை. இன்னொருவன் உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறான், நடந்தால் மனப்பாடம் செய்கிறான். திக்கிப் பேசுகிற பெண் பாட்டாகச் சொன்னால் திக்குவதில்லை. பாடம் எப்படிச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கு எட்டும் என்று பார்த்துவிட்டுச் சொல்லித்தர உத்தரவு வேண்டும்."

"ஆகட்டும். முதலில் இந்த ஆசானை நாடு கடத்துகிறேன்."

"வேண்டாம் அப்பா" என்றாள் செங்கமலம். "அவருக்கு யானையைப் பற்றி நிறையத் தெரியும். இவ்வளவு நாளாக அது எனக்குத் தெரியவே இல்லை."

வித்தகநாதர் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் பள்ளிக்கு வந்ததும் அவர் இளவரசியிடம் போய், முகத்தைப் பார்த்து, "நான் எங்கே நிற்கட்டும் அம்மா?" என்று கேட்டார். அவள் ஜன்னலுக்கு எதிரே, வெளிச்சம் அவர் முகத்தில் விழுகிற இடத்தைக் காட்டினாள். அங்கேயே நின்று பாடத்தை முடித்தார்.

முடிந்ததும் அவள் முதன்முதலாக வகுப்பில் ஒரு கேள்வி கேட்டாள். "ஆசானே, மதம் தெளிந்த பிறகு யானைக்குத் தான் செய்தது ஞாபகம் இருக்குமா?"

"தெரியவில்லை அம்மா" என்றார் வித்தகநாதர். "பாகனைக் கேட்டுவந்து சொல்கிறேன். நீ கேட்டதே எனக்குப் பெரிய உபகாரம்."