கரிச்சான் வாலில் தொங்கிய சாட்சிகள்

அந்தக் காலத்தில் மலைக்காட்டில் இருந்த அத்தனை உயிரும் பேசும். யானை பேசும், அணில் பேசும், மண்ணுக்குள் கிடக்கும் தேரைகூடப் பேசும். எல்லாரையும்விட நன்றாகப் பேசியது கரிச்சான். உடம்பெல்லாம் கன்னங்கரேல், அளவான சின்ன வால், கணீரென்ற குரல். உச்சிக் கிளையில் உட்கார்ந்து அது வாயைத் திறந்தால் மேய்கிற மான் தலையைத் தூக்கிக் கேட்கும்.

காட்டுக்குச் சேதி சொல்வதுதான் கரிச்சானின் வேலை. எந்த மரம் பழுத்திருக்கிறது, எந்தத் தடத்தில் புலி நடக்கிறது, எல்லாம் அது சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரியும். அத்தனையையும் அதுவே போய்ப் பார்த்ததா என்றால், கிடையாது. தேன் இருக்கும் இடத்தைக் கரடி கண்டுபிடித்திருக்கும், புலியைக் குரங்கு பார்த்திருக்கும். கரிச்சான் அதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து, தானே பார்த்ததுபோலத் தன் குரலில் சொல்லும். கெட்டிக்காரன் என்று காடே கொண்டாடியது. கரடியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கரடிக்கு உள்ளுக்குள் வருத்தம்தான், ஆனால் கரிச்சானிடம் வாய் கொடுத்து ஜெயிக்க யாரால் முடியும்?

ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஓடைகள் வற்றின. அந்தக் கோடையில் போய், யானைக் கூட்டத்தை நடத்திவந்த பெரிய யானைக்கு ஒரு கன்று பிறந்தது. காடு முழுக்க அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும். தண்ணீர் இல்லாமல் பெரியம்மாவுக்குப் பால் வற்றிக்கொண்டே வந்தது. கிழக்கே ஆறு இருந்தது, ஆனால் தூரம். பிறந்த கன்றால் எங்கேயாவது ஒரே ஒரு முறைதான் நடந்து போக முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் கரிச்சானைக் கேட்டாள்.

மேற்கே பாறைச் சுனையில் தண்ணீர் ததும்பிக்கொண்டு கிடக்கிறது, பக்கம்தான் என்றது கரிச்சான். நிச்சயமாகவா என்று பெரியம்மா கேட்டாள்.

"காட்டுக்கே தெரிஞ்ச சேதிங்க பெரியம்மா. தைரியமாப் போங்க."

நம்பி நடந்தார்கள். போய்ப் பார்த்தால் சுனையில் சேறுகூட இல்லை, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கன்று முன்னங்காலை மடக்கியது, பிறகு படுத்துவிட்டது. தும்பிக்கையால் தூக்கித் தூக்கிப் பார்த்தாள் பெரியம்மா. அது எழுந்திருக்கவில்லை. இனிமேல் ஆற்றுக்குப் போவதெல்லாம் நடக்காத காரியம்.

பின்னாலேயே பறந்து வந்த கரிச்சான் மேலே கிளையில் உட்கார்ந்திருந்தது. பெரியம்மா அதைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அதற்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"யாரு பார்த்தது? எப்போ பார்த்தது?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தச் சேதியைக் கரிச்சானுக்குச் சொன்னது மைனா. மைனாவுக்கு அது எப்படித் தெரியும் என்று கரிச்சான் கேட்டதே இல்லை. சட்டென்று எழும்பி, வந்த வழியே பறந்தது.

முதலில் மைனாவைப் பிடித்தது. எனக்கு மலை அணில் சொன்னது என்றது மைனா. அணிலிடம் போனால், தேரை சொல்லிக் கேட்டேன் என்றது. 'மழை முடிந்த கையோடு பார்த்தது' என்று நான் சேர்த்துத்தானே சொன்னேன், மைனா அதை எங்கே தொலைத்தது என்று கோபித்துக்கொண்டது. சேதி நீளமாக இருந்ததால் மைனா அந்த வாலை வெட்டிவிட்டிருந்தது.

தேரை பள்ளத்தில் ஒரு மக்கிய கட்டைக்கு அடியில் குடியிருந்தது. ஆமாம், நான்தான் சொன்னேன், போன மழையில் பார்த்தது என்று பெருமையாக ஒத்துக்கொண்டது. சுனை வற்றிப்போனதைக் கரிச்சான் சொன்னது. கன்று விழுந்து கிடப்பதையும் சொன்னது. அப்போது கட்டைக்கு அடியிலிருந்து தேரையின் மனைவி தலையை நீட்டினாள்.

"இவரு எங்கே பார்த்தாரு? பார்த்தவ நானு. நான் சொன்னதைக் கேட்டுட்டுப் போயி, தான் பார்த்த மாதிரி சொல்லிட்டாரு. அதுலயும் பாதியத்தான் சொன்னாரு."

தேரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டது. மீதிப் பாதி என்ன என்று கரிச்சான் கெஞ்சியது. சுனை வற்றினாலும் பக்கத்து நாவல் மரத்தின் வேருக்கடியில் ஓரிடத்தில் ஈரம் வற்றாது, போன கோடை முழுக்க அங்கேதான் புதைந்து தூங்கினேன் என்றாள் அவள். எந்த இடம் என்று வாயால் சொல்ல முடியாது, அங்கே வந்து வயிற்றை வைத்துப் பார்த்துத்தான் காட்ட முடியும்.

தேரை தத்திப் போய்ச் சேருவதற்குள் அடுத்த மழையே வந்துவிடும். முதுகில் ஏற்றினால் வழுக்கி விழுந்தாள். கடைசியில் கரிச்சானின் வால் ஓரத்து இறகு ஒன்றின் நுனியைக் கெட்டியாகக் கட்டிக்கொண்டாள். சொன்னவன் நானும் வரவேண்டாமா என்று புருஷனும் மறுபக்கத்து இறகைப் பிடித்துக்கொண்டது. அந்த நிலைமையிலும் அதற்குத் தன் பேர் விட்டுப்போகக் கூடாது.

கரிச்சான் பறந்தது. பாரம் தாங்காமல் இரண்டு இறகும் இழுபட்டு நீண்டன. வழியெல்லாம் முள்ளுப் புதர். சுற்றிப் போக நேரம் இல்லை, ஊடே புகுந்தது. முள்ளில் உரசி உரசி இறகின் மயிரெல்லாம் உதிர்ந்து காம்பு மட்டும் நின்றது. தேரைகள் கட்டிப் பிடித்திருந்த நுனியில் மட்டும்தான் மயிர் தப்பித்தது. வலியில் உயிர் போனது. ஆனாலும் கரிச்சான் வேகத்தைக் குறைக்கவில்லை.

நாவல் மரத்தடியில் இறங்கியதும் தேரையின் மனைவி இங்கும் அங்கும் தத்தினாள். ஓரிடத்தில் வயிற்றை மண்ணோடு வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "இங்கே" என்றாள்.

பெரியம்மா காலால் கிளறினாள், தும்பிக்கையால் மண்ணை வாரி எறிந்தாள். முதலில் ஈர மண் வந்தது. அப்புறம் கலங்கலாகத் தண்ணீர் ஊறியது. அள்ளி முதலில் கன்றின் தலையில் தெளித்தாள். அதன் காது அசைந்தது. பிறகுதான் அவள் குடித்தாள், கூட்டம் குடித்தது. வெயில் சாயும்போது கன்று தள்ளாடி எழுந்து தாயின் காலுக்கிடையில் நுழைந்து பால் குடித்தது. கரிச்சான் கிளையில் உட்கார்ந்து அழுதது.

சேதி சொல்லும் வேலையை விட்டுவிடுகிறேன் என்று அது பெரியம்மாவிடம் சொன்னது. அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"நல்லாப் பேசுற வாயை மூடுனா யாருக்கு என்ன லாபம்? யாரு பார்த்தாங்களோ அவங்க குரல்ல மொதல்ல கூப்பிடு. எப்போ பார்த்தாங்கன்னு சொல்லு. அப்புறம் நீ பேசு. நம்பாதவங்க அவங்களையே போய்க் கேட்டுக்கட்டும்."

காடு கூடி அதை ஏற்றுக்கொண்டது. உடனே அடுத்த சண்டை ஆரம்பித்தது. பேரைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றன குரங்குகள். காலம்தான் முதலில் என்றன மான்கள். பக்கத்து மேட்டுக்காட்டார் இடத்தை முன்னால் வை என்றார்கள். அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை. ஒரு காட்டுக்குச் சரியாகச் சொன்ன சேதியை, எங்கள் வழக்கப்படி மாற்றிக்கொண்டு வா என்று அடுத்த காடு திருப்பி அனுப்புகிறது. கரிச்சானும் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிச் சொல்கிறது. ஆனால் யார், எப்போது என்பதே வேண்டாம் என்று எந்தக் காடும் சொன்னதில்லை.

வால் மறுபடி முளைக்குமே என்று மைனா ஆறுதல் சொன்னது. இப்படியேதான் முளைக்க வேண்டும் என்றது கரிச்சான். அப்படியேதான் முளைத்தது.

அன்று முதல்தான் துடுப்புவால் கரிச்சான், மைனாவைப்போலவும் அணிலைப்போலவும் கூப்பிட்டு முடித்துவிட்டுக் கடைசியாகத் தன் குரலில் பேசுகிறது. காம்பின் நுனியில் இரண்டு துடுப்புகளோடு, பார்த்தவளையும் சொன்னவனையும் இன்னும் வாலில் சுமந்துகொண்டு திரிகிறது. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர்களும் அதைப் பார்த்துத்தான், யார் பார்த்தது, எப்போது பார்த்தது என்பதையெல்லாம் மேற்கோள் பட்டியலாகக் கட்டுரையின் வாலில் தொங்கவிடுகிறார்கள்.