தராசுக்கு முன்சீட்டு

"மூணு மாசமா வண்டி புகையாத் தள்ளுது தாயி. எப்படியாவது நிறுத்திக் குடு" என்றான் சங்கிலி.

மெக்கானிக் இருதயமேரி பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள்.

வத்தலக்குண்டு சாலையில் டீசல் வண்டி ஓட்டுகிற அத்தனை பேருக்கும் அவள்தான் குரு. நாற்பது வயதுகூட ஆகவில்லை. சங்கிலிக்கு ஐம்பத்தைந்து. அதனால் என்ன? ரிப்பேரான வண்டியோடு வந்து நிற்கிறவனுக்கு வயசு ஒரு கேடா!

"என்ன நிறப் புகை?"

சங்கிலி திருதிருவென்று விழித்தான்.

"புகை... புகை நிறந்தான்."

"கறுப்பா, நீலமா, வெள்ளையா?"

"நான் ஓட்டுறவன் தாயி. கண்ணாடியில பின்னாடி வர்ற பஸ்ஸைப் பார்ப்பேனா, புகையைப் பார்ப்பேனா?"

"பின்னாடி யாரும் உட்கார மாட்டாங்களா?"

"என் சம்சாரம் பொன்னுத்தாய் உட்காருவா. வெங்காய மூட்டை மேல."

"அப்ப அக்காவைக் கேட்டுட்டு வாங்கண்ணே."

சங்கிலி தலையைச் சொறிந்தான்.

"அவளுக்குப் பேச்சுப் போயிருச்சு தாயி. நெஞ்சுல இழுப்பு. நாலு வார்த்தை பேசினா மூச்சு வாங்குது. தொண்டையிலிருந்து காத்துதான் வருது. இனிமே புகை விடுற வண்டியில ஏத்தாதேன்னுட்டார் டாக்டர். நீ இதை நிறுத்திட்டா அவளைத் திரும்பக் கூட்டியாந்துருவேன். அவ இல்லாம வண்டியில ஏறவே மனசில்லை."

"முன்சீட்டு சும்மாதானே இருக்கு?"

"சும்மா எங்கே? அதுல தராசு வரும். எலக்ட்ரானிக் தராசு. பின்னாடி வச்சா குலுங்கி எடை தப்பிரும்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. சே, இதென்ன பேச்சு என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்து என்ன செய்ய?

அவள் அவன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்தாள்.

"ஸ்டார்ட் பண்ணி மிதிங்க."

மிதித்தான். சைலன்சருக்குப் பின்னால் துண்டைப் பிடித்துவிட்டு, கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள். நடுவில் கரி அப்பியிருந்தது.

"நீலம்னா ஆயில் எரியுது. வெள்ளைன்னா தண்ணி இறங்குது. இது கறுப்பு. டீசல் இருக்கு, காத்து இல்லை" என்றாள்.

சங்கிலி அந்தக் கரியையே பார்த்துக்கொண்டிருந்தான். இது அவனுக்குப் பழக்கமான கரி. பொன்னுத்தாய் சேலை முந்தானையில் எப்போதும் இருக்கும். மூக்கைப் பொத்திப் பொத்தி வந்த கறை. 'ஒரு சேலையை ஒழுங்காத் துவைக்கத் தெரியலை, நீயெல்லாம் ஒரு பொம்பளை' என்று எத்தனை நாள் ஏசியிருக்கிறான், பாவி.

இருதயமேரி காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டினாள்.

வெங்காயச் சருகு கொட்டியது. இன்னொரு தட்டு தட்டினாள். இன்னும் கொட்டியது. மூட்டையிலிருந்து பறந்ததெல்லாம் அதற்குள் போய் அடைந்து, மண்ணும் எண்ணெயும் சேர்ந்து அடையாக இறுகியிருந்தது.

"இதை என்னைக்குத் திறந்தீங்க?"

"அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது தாயி. ஆயில் மட்டும் தவறாம மாத்துவேன்."

புது ஃபில்டரை மாட்டினாள். கால் மணி நேர வேலை. சங்கிலி மிதித்தான், இறங்கி ஓடிப்போய்ப் பின்னால் பார்த்தான். புகை இல்லை.

"அட முருகா! இவ்வளவுதானா? இதுக்கா மூணு மாசம் லோல்பட்டேன்?"

"ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."

சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை அவனுக்கு. ஏறி உட்கார்ந்த கையோடு, பழக்க தோஷத்தில் ஒலிபெருக்கி சுவிட்சையும் தட்டிவிட்டான். பொன்னுத்தாயின் குரல் கணீரென்று எழுந்தது.

"வெங்காயம்... வெங்காயம்... திண்டுக்கல் சின்ன வெங்காயம்... வாங்கக்கா, வாங்கண்ணே..." அப்புறம் ஒரு இருமல். "வெங்காயம்... வெங்காயம்..."

"நிறுத்துங்க" என்றாள் இருதயமேரி.

நிறுத்தினான்.

"மறுபடி போடுங்க."

போட்டான். வெங்காயம், வெங்காயம். வாங்கக்கா, வாங்கண்ணே. இருமல்.

"இது என்ன?"

"அதுவா?" சங்கிலி சிரித்தான். "அது கூடவே பதிஞ்சு போச்சு. தெருப் பிள்ளைக எங்க வண்டியைப் பார்த்தா அந்த இருமலையும் சேர்த்தேதான் கத்துங்க."

"எங்க வச்சுப் பதிஞ்சீங்க?"

"வண்டியிலதான். ஓடிக்கிட்டே இருக்கும்போது போனைப் பின்னாடி நீட்டினேன். 'இருமிட்டேன், இன்னொரு தடவை சொல்றேன்'னா. நான்தான், போதும் போதும், யார் இதையெல்லாம் கேக்கப் போறான்னுட்டேன்."

"எப்போ?"

"வண்டி வாங்கின மறு வருஷம். ஆச்சே, இந்த ஆடி வந்தா நாலு..."



நாலு வருஷம். காலையிலிருந்து பொழுது சாயும்வரை, தெருத் தெருவாக, தலைக்கு மேலே குழாய் வைத்து ஊருக்கெல்லாம் கேட்க அவள் இருமியிருக்கிறாள். ஊர் கேட்டது. பிள்ளைகள் கேட்டன. ஓட்டிக்கொண்டு போனவன் கேட்கவில்லை.

இன்றைக்கு அந்தக் குரல் ஒலிபெருக்கியில் மட்டும்தான் இருக்கிறது. வீட்டில் இல்லை.

சங்கிலி இறங்கினான். முன்சீட்டிலிருந்த தராசைத் தூக்கிப் பின்னால் வைத்தான். துண்டால் சீட்டைத் துடைக்கப் போனான். துண்டெல்லாம் கரி. சட்டையைக் கழற்றித் துடைத்தான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அவகிட்ட நான் என்னன்னு சொல்ல தாயி?"

இருதயமேரி அந்தப் பழைய ஃபில்டரைச் செய்தித்தாளில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள்.

"மூணு மாசம்னு மட்டும் சொல்லாதீங்கண்ணே."