நூறாவது சாலு

ஒரு ஊர்ல ஒரு வக்கீலு. ராசா கதைதான் வேணுமாக்கும்? ராசாவுக்குப் படை இருக்குது, அவனுக்கென்ன. இந்த வக்கீலுக்கு வாய் மட்டுந்தான். அதனால அவன் கதைதான் சொல்லுவேன். கண்ணை மூடிட்டு 'ம்' கொட்டு சாமி. நீ நிறுத்துனா நானும் நிறுத்திப்போடுவேன்.

அவன் பேரு சென்னியப்பன். கருப்புக் கோட்டுக்குள்ளார எப்பவும் ஒரு பாட்டு நோட்டு. ஞாயித்துக்கெழமையானா சைக்கிளை எடுத்துட்டு, டக்கு டக்குனு ஊரு ஊராப் போவான். நாத்து நடறவங்க பாட்டு, ஒப்பாரி, தாலாட்டு, எல்லாத்தையும் அவங்க வாயில வந்தபடியே எழுதிக்குவான். அவனும் பாட்டுக் கட்டுவான், நாம பேசற இந்தப் பேச்சுலயே. அப்புறம் அதை டவுன்ல இருக்கற புலவருங்ககிட்டக் கொண்டு போனான். "இது சந்தைப் பேச்சு. செந்தமிழ்ல திருத்தி எடுத்துட்டு வா"ன்னாங்க. "எங்காத்தா என்னைத் தூங்க வெச்சது இந்தப் பேச்சுலதானுங்க. அவளை நான் திருத்த மாட்டேன்"னு நோட்டை இடுக்கிக்கிட்டு வந்துட்டான். திமிரு புடிச்சவன். எனக்கு அவனை ரொம்பப் புடிக்கும்.

ம்? சரி.

அப்போ பக்கத்து ஊர்ல பாவாயின்னு ஒருத்தி. புருசன் இல்ல, ரெண்டு ஏக்கரா மொளகாத் தோட்டம், ஒரு கெணத்துல பாதிப் பங்கு. ஒரு நாள் தண்ணி அவளுக்கு, மறுநாள் தண்ணி பக்கத்துத் தோட்டத்து மொதலாளி, பண்ணாடிக்கு. பாட்டன் காலத்து மொறை, காயிதம் கெடையாது. ஒரு சித்திரையில பண்ணாடி, "கெணறு பூரா என்னுது"ன்னு வேலி போட்டு அடைச்சுப்போட்டான். பாவாயி செடியெல்லாம் சருகு சருகாக் காயுது. அழுதுக்கிட்டே சென்னியப்பங்கிட்ட ஓடியாந்தா. அவன் கேசு போட்டான்.

மொத வாய்தா. பாவாயி கூண்டுல ஏறி, "என்ற பங்குத் தண்ணியை அடைச்சுப்போட்டாருங்க சாமி, என்ற செடியெல்லாம் வெந்து போச்சுங்க"ன்னா. கோர்ட்டுக் குமாஸ்தா, 'நீர்ப்பங்கு மறுக்கப்பட்டதால் பயிர் சேதம்'னு எழுதுனான். சென்னியப்பன் எந்திரிச்சான். "அவ சொன்னதை அவ சொன்னபடி எழுதச் சொல்லுங்கய்யா." ஜட்ஜு டொக்கு டொக்குனு மேசையைத் தட்டி, "உக்காருங்க"ன்னாரு. கோர்ட்டே சிரிச்சுது.

ரெண்டாவது வாய்தா. "பங்குக்கு அத்தாட்சி எங்கே?"ன்னாரு ஜட்ஜு. சென்னியப்பன் பாட்டு நோட்டை எடுத்தான். அந்தக் காலத்துல மோட்டாரு ஏது? மாடு பூட்டி, கயித்துல சாலுன்னு ஒரு பெரிய வாளியைக் கட்டி, தண்ணி எறைப்பாங்க. கிரீச் கிரீச்சுனு உருளை சுத்தும், சளார்னு தண்ணி கொட்டும். அதைத்தான் கவலைம்பாங்க. கவலை ஓட்டறவன் பாட்டுலயே சாலை எண்ணுவான். நூறு சாலு ஆச்சுன்னா, இன்னைக்குத் தண்ணி யாருது, நாளைக்கு யாருதுன்னு ரெண்டு பேரையும் சொல்லித்தான் மறு நூத்துக்குப் போவோணும். அது அந்த ஊரு வழக்கம். பத்து வருசத்துக்கு முன்னால அந்தக் கெணத்துல பொன்னான்னு ஒரு கவலைக்காரன் பாடுனதை சென்னியப்பன் எழுதி வெச்சிருந்தான். அதுல பாவாயி பேரு இருந்துது.

பண்ணாடியோட வக்கீலு சிரிச்சான். "இவரே பாட்டுக் கட்டற ஆளு. இதையும் இவரே கட்டியிருப்பாரு."

ஜட்ஜு நோட்டைத் தள்ளிவிட்டாரு. "இன்னொரு தடவை பாட்டு கீட்டுன்னு வந்தா உங்க சன்னது போயிரும்"னாரு. சன்னதுன்னா வக்கீலா நிக்கறதுக்குக் குடுக்கற காயிதம், கண்ணு. அது போச்சுன்னா சோறு போச்சு.

தூங்கிட்டியா? ம், அப்புறம்.

மூணாவது வாய்தாவுல பண்ணாடி அந்தப் பொன்னானையே கூட்டியாந்து கூண்டுல ஏத்திப்போட்டான். பொன்னான் பண்ணாடி தோட்டத்துலயே குடிசை போட்டு இருந்தவன். பண்ணாடி ஊத்துனாத்தான் கஞ்சி. "அந்தம்மாளுக்குப் பங்கே இல்லீங்க"ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னான். பாவாயி அப்படியே தரையில உக்காந்துட்டா.

சென்னியப்பன் அவனை மெரட்டல. "அண்ணா, சாலை எப்படி எண்ணுவீங்க?"ன்னான். பொன்னானை அதுவரைக்கும் ஒருத்தரும் அண்ணான்னு கூப்பிட்டதில்ல.

"பாட்டுலதானுங்க."

"ஒரு நூறு எண்ணுங்க."

ஜட்ஜு, "சன்னது ஞாபகம் இருக்குதா?"ன்னாரு. சென்னியப்பன் கருப்புக் கோட்டைக் கழட்டி மேசை மேல வெச்சான். "எடுத்துக்குங்கய்யா. ஆனா சாட்சி எண்ணி முடிக்கட்டும். அவரு வாயை மூடச் சொல்ற சட்டம் எதுன்னு காட்டுங்க, நானும் மூடிக்கறேன்." ஜட்ஜு பேனாவைக் கீழ வெச்சுட்டாரு.

பொன்னான் மெதுவா ஆரம்பிச்சான். பத்தாச்சு, இருவதாச்சு. கண்ணு தானா மூடிக்கிச்சு, கையி இல்லாத கயித்தை இழுக்குது. கோர்ட்டையே மறந்துட்டான்.

"தொண்ணூத்தெட்டாச்சே, தொட்டியெல்லாம் நெறஞ்சாச்சே,
தொண்ணூத்தொம்பதாச்சே, தும்பைப்பூ மலந்தாச்சே,
நூறுஞ் சாலாச்சே, இன்னைக்குப் பண்ணாடி பங்காச்சே,
நாளைக்குப் பாவாயி பங்காச்சே..."

"டேய்"னு பண்ணாடி எந்திரிச்சான். பொன்னான் கண்ணைத் தொறந்தான். "முப்பது வருசமாப் பாடுனதுங்க. பாட்டை மாத்த எனக்குத் தெரியாதுங்க. மொதல்ல சொன்னதுதான் பொய்யிங்க"ன்னான்.

சென்னியப்பன் குமாஸ்தா பக்கம் திரும்பி, "எழுதுங்க. அவரு பாடுனபடி, ஒரு எழுத்துத் திருத்தாம"ன்னான். குமாஸ்தா ஜட்ஜைப் பாத்தான். "எழுது"ன்னாரு ஜட்ஜு.

அப்புறமென்ன, பாவாயிக்குத் தண்ணி வந்துது. கோட்டும் திரும்பி வந்துது. சென்னியப்பன் பாட்டை அவன் சாகற வரைக்கும் எந்தப் புலவனும் அச்சுல போடல. போடாட்டிப் போறாங்க. பொன்னான் பாடுன பாட்டு கோர்ட்டுக் காயிதத்துல சீலு குத்திக் கெடக்குது, எவன் திருத்துவான் அதை?

பொன்னான் என்ன ஆனான்னு நீ கேக்கலியே. அன்னைக்குச் சாயங்காலமே பண்ணாடி குடிசையைப் பிரிச்சு எறிஞ்சுட்டான். சட்டிபானையத் தூக்கிட்டு நடந்தோம். ஆமா, நடந்தோம். பொன்னான் என்னைப் பெத்த அய்யன். எனக்கு அப்போ ஏழு வயசு, அழுதுக்கிட்டே பின்னால போறேன். எங்கய்யன் அழுவல. பண்ணாடி வாசலைத் தாண்டறப்ப, அவன் காதுல விழோணும்னே, "ஒண்ணாஞ் சாலாச்சே"ன்னு தொண்டை கிழியப் பாடிட்டுப் போனான். ஊரெல்லை வர்றதுக்குள்ள நூறு ஆயிருச்சு. பாவாயி பேரை நானும் சேந்து சொன்னேன்.

என்ன, 'ம்' சத்தத்தையே காணோம். கதைக்கும் நூறாச்சே, கண்ணுக்கும் பங்காச்சே. தூங்கு சாமி.