முதலில் பகடை

ஆயிரம் முத்துக்கு ஒரு பெட்டி. கையில் இருந்தது ஆயிரத்து நாற்பது. வழக்கு இவ்வளவுதான். இதற்காக ஒரே அறையில் இருந்த மூன்று பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். போயும் போயும் ஒரு விளையாட்டுக்கா என்று சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். கடைசியில் தீர்ப்பு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

செல்போன் பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றின் பெண்கள் விடுதி அது. கூத்து என்னவென்றால், அந்த ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் எஸ்தரின் பழைய போன் எப்போதும் அறையிலேயே கிடக்கும். அதில் 'ஏழு கோட்டை' என்றொரு பகடை விளையாட்டு. மூவருக்கும் வேறு வேறு ஷிப்ட். அறையில் இருப்பவள் மூவருக்குமாகச் சேர்த்து ஆடுவாள்.

விளையாட்டில் விழா வந்தால், ஆடிச் சேர்த்த முத்துகளைக் கொடுத்து எந்தப் பரிசுப் பெட்டியை எடுப்பது என்று சண்டை வருமே. அதற்காக மூத்தவளான செண்பகவல்லி சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தாள்: முதலில் பகடை, பிறகு பட அட்டை, கடைசியில் வீடு. பகடை இருந்தால்தான் மேலே ஆட முடியும். அட்டையை வெளியாட்களிடம் மாற்றிக்கொள்ளலாம். வீடு வெறும் அழகுக்கு. இரண்டு வருடமாக அந்தத் தாளை யாரும் மீறியதில்லை.

இந்த முறை மழைக்கால விழா. பகடைப் பெட்டி மாதாமாதம் வருவதுதான். வீடு மட்டும் புதிது. அதன் வாசலில் ஒரு பெயர் பொறிக்கலாம், பொறித்தால் அழியாது. விழா முடிந்தால் அந்த வீடு திரும்ப வராது. அதைக் கேட்டவள் கௌசர் பானு. சேர்ந்த முத்துகளில் பாதிக்கு மேல் அவள் ஆடிச் சேர்த்தவை. ஆலையில் அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. விழா முடியும் அன்றே அவளும் ஊருக்குப் போகிறாள்.

"லைன்ல ரெண்டு வருஷமா நான் வெறும் நாப்பத்தேழாம் நம்பர்தான், அக்கா. சூப்பர்வைசருக்கு எம்பேரே தெரியாது. இந்த போன்லயாவது எம்பேரு இருக்கட்டுமே."

செண்பகவல்லி தாளைக் காட்டினாள். "உனக்காக மாத்துனா நாளைக்கு இன்னொருத்தி கேப்பா. பகடைதான்."

எஸ்தருக்கு ஆசை அட்டைமேல். இன்னும் ஒரே ஒரு அட்டை கிடைத்தால் அவளுடைய ஆல்பம் நிறைந்துவிடும். "எனக்கு எதுவும் வேணாம்பா. தாள்ல இருக்கிறபடியே எடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் துணி துவைக்கப் போய்விட்டாள்.

செண்பகவல்லி பகடைப் பெட்டியைத் திறந்தாள். ஐயாயிரம் பகடை கொட்டியது. பஸ் ஏற்றிவிட வருகிறோம் என்றதற்கு, "வேணாம், நானே போய்க்கறேன்" என்று கௌசர் பையைத் தூக்கிக்கொண்டாள்.

சேர்த்தவள் கேட்டாள், விதி எழுதியவள் மறுத்தாள், போனுக்குச் சொந்தக்காரி விட்டுக்கொடுத்தாள். சொல்லுங்கள், மூவரில் யார் செய்தது சரி?

விடை: கௌசர் கேட்டதுதான் சரி. பகடைக்கு முதலிடம் என்பது நாளைக்கும் ஆட இருப்பவர்களுக்கான விதி. கௌசருக்கு அந்த அறையில் நாளை இல்லை. செண்பகவல்லி தாளைக் காப்பாற்றினாள், அதை யாருக்காக எழுதினோம் என்பதை மறந்துவிட்டாள். எஸ்தர் அட்டையை விட்டுக்கொடுத்ததாகச் சொல்கிறார்கள். போன் அவளுடையது, கௌசருக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் விட்டுக்கொடுத்தது கௌசரை. எனக்கு அவள்மேல்தான் கோபம் அதிகம். மறு வாரம் அந்தக் கட்டிலுக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள், நாற்பத்தேழாம் நம்பரையும் அவளுக்கே கொடுத்தார்கள். ஐயாயிரம் பகடையும் அப்படியே இருக்கிறது. அதில் ஒன்றைக்கூட இதுவரை யாரும் உருட்டவில்லை.