பூட்டிக்கொண்ட கால்

முத்திருளன் சேர்வை பாளையத்துக் குதிரைப்படைக்குத் தலைவர். குதிரை விஷயத்தில் தனக்கு இனிக் கற்க ஒன்றுமில்லை என்றுதான் ஐம்பது வயதுவரை நினைத்திருந்தார். ஒரு குட்டி அந்த நினைப்பை மாற்றியது.

அதன் தாய் அவர் ஏறிய குதிரை. சண்டையில் விலாவில் ஈட்டி பாய்ந்தும் அவரைக் கீழே போடாமல் சுமந்து வந்து, லாயத்து வாசலில் விழுந்து உயிரை விட்டது. பால்குடி மாறாத குட்டியை அவரே வளர்த்தார். சிவந்த நிறம். செம்போத்து என்று பெயர் வைத்தார்.

குட்டி வளர வளர ஒரு கோளாறு தெரிந்தது. நடந்துகொண்டிருக்கும்போதே இடது பின்னங்கால் நீட்டியபடி பூட்டிக்கொள்ளும். மடக்க வராது. குளம்பின் நுனி தரையில் இழுபடும். குட்டி கண்ணை உருட்டி மிரளும்.

"மூட்டுல சூடு இழுங்க. அதுக்கும் சரியாகலேன்னா கொன்னுடுங்க. நொண்டிக்கு எதுக்குத் தீனி?" என்றார் லாயத்து அதிகாரி.

சூடு இழுக்கிற கம்பி அடுப்பில் பழுத்துக்கொண்டிருந்தது. சேர்வை குட்டியை அவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மலையடிவாரத்தில் சிக்கந்தர் ராவுத்தர் குதிரை பழக்கிக்கொண்டிருந்தார். வயது முப்பதுகூட இருக்காது. சேர்வை தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நின்றார்.

"ராவுத்தரே, உங்ககிட்டக் கத்துக்க வந்திருக்கேன்."

"என்னத்தக் கத்துக்கணும்ணே?"

"இந்தக் காலைப் பலப்படுத்த."

பேசும்போதே குட்டியின் கால் பூட்டிக்கொண்டது. சேர்வை கயிற்றை முன்னால் இழுத்தார். குட்டி திணறியது. ராவுத்தர் கயிற்றை வாங்கிக்கொண்டார். குட்டியின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து மெல்லப் பின்னால் தள்ளினார். அது ஓரடி பின்வாங்கியது. மூட்டு டக்கென்று விட்டது.

"குதிரைய முன்னால விரட்டத்தான் எனக்குத் தெரியும்" என்றார் சேர்வை.

குட்டியின் மூட்டில் சேர்வை பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார். ராவுத்தர் அதை அவிழ்த்தார்.

"லாயத்துலயே கட்டி வச்சிருந்தீங்களா?"

"ஆமா. மெத்துனு வைக்கோல் போட்டு வச்சேன். காலுக்கு ஓய்வு வேணாமா?"

ராவுத்தர் அவர் கையைப் பிடித்து, மூட்டுக்கு மேலே தொடையில் வைத்தார்.

"அமுக்கிப் பாருங்க."

சதை பிசைந்த மாவாகக் குழைந்தது.

"எலும்புல குத்தமில்ல. அதைப் பிடிச்சு நிறுத்துற சதைக்குத்தான் வேலையே இல்லாமப் போச்சு."

அன்றிலிருந்து சேர்வை அங்கேயே தங்கினார். குட்டியைக் கட்டிப்போடவில்லை. பகலெல்லாம் வெளியில் மேய்ந்தது. ஊறவைத்த கொள்ளு தின்றது. காலையில் சேர்வை அதை மேட்டில் நடத்திக்கொண்டு போவார். தரையில் கிடத்திய மூங்கில்களைத் தாண்டவைப்பார். மேட்டில் பின்பக்கமாகவும் கொஞ்சம் நடத்துவார். விரட்டக் கூடாது. வெடுக்கென்று திருப்பக் கூடாது. அதன் முதுகில் ஏறவே கூடாது.

படையை நடத்தியவர் ஒரு குட்டியின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டார்.

கார்த்திகையில் பாளையத்திலிருந்து ஆள் வந்தான்.

"தை பொறக்கும்போது நல்ல குதிரையோட வந்து நிக்கணுமாம். இல்லேன்னா உங்க எடத்துக்கு வேற ஆளாம்."

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. குட்டி துள்ளித் துள்ளி நடந்தது. சேர்வையால் பொறுக்க முடியவில்லை. தாவி ஏறித் தட்டிவிட்டார். காற்றாகப் பறந்தது. திருப்பத்தில் கால் பூட்டிக்கொண்டது. இருவரும் சேற்றில் விழுந்தார்கள்.

ராவுத்தர் ஓடி வந்து முதலில் குட்டியைத் தடவிப் பார்த்தார். முன்னங்கால் முட்டியில் தோல் உரிந்திருந்தது. உடைவு இல்லை.

"நாலு வார்த்தை திட்டுங்க ராவுத்தரே."

"குட்டி எந்திரிச்சிருச்சு. நீங்களும் எந்திரிங்கண்ணே."

"எல்லாத்தையும் கெடுத்துட்டேனே. இனி என்ன செய்யறது?"

"நடக்கறது."

அடுத்த நாள் விடிந்ததும் சேர்வை இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினார். குட்டி பக்கத்தில் வந்தது. ராவுத்தர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சி கொண்டுவந்த மனைவியிடம் சொன்னார்: "குதிரையிலிருந்து விழுந்தவங்க எத்தனையோ பேரு. மறுநாளே அந்தக் குதிரை கூட நடந்து போறவரு இவருதான்."

தை பிறந்தது. பாளையத்தில் வேறொருவர் தலைவரானார் என்று சேதி வந்தது. சேர்வை அப்போதும் மேட்டில்தான் இருந்தார்.

கோடைக்குள் செம்போத்தின் தொடை திரண்டு உருண்டது. ஏறும்போது தோலுக்கடியில் சதை முறுக்கிக்கொள்வது கண்ணுக்கே தெரிந்தது. கால் பூட்டிக்கொள்வது எப்போதாவதுதான்.

"கால் பலமாயிருச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டார் சேர்வை.

ராவுத்தர் மேட்டின் அடிக்குக் குட்டியைக் கூட்டிவந்து கயிற்றைக் கழற்றிவிட்டார்.

செம்போத்து ஒரு கணம் நின்றது. பிறகு பிடரி பறக்க ஏறியது. பின்னங்கால்கள் மண்ணை வாரி எறிந்தன.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே சரளையில் சறுக்கியது. இடது கால் நீட்டியபடி பூட்டிக்கொண்டது.

சேர்வை பாய்ந்தார். ராவுத்தர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க! பூட்டிக்கிச்சு!"

"பாருங்க."

குட்டி மிரளவில்லை. காதை அசைத்தபடி நின்றது. பின்பு தானாக ஓரடி பின்னால் வைத்தது. மூட்டு விட்டது. உடம்பை ஒரு உதறு உதறிக்கொண்டு ஏறிப்போய் உச்சியில் புல் மேய ஆரம்பித்தது.

சேர்வை ராவுத்தர் பக்கம் திரும்பினார்.

"அதை யாரும் பின்னால தள்ளலியே ராவுத்தரே."

"இல்ல."

"அப்ப இனிமே எனக்கு என்ன வேலை?"

ராவுத்தர் கையிலிருந்த கயிற்றைச் சுருட்டிக் கீழே வைத்தார்.

"மேல போயி அது பக்கத்துல நில்லுங்கண்ணே. கூப்பிடாதீங்க."